வெள்ளாற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில், பாடம் மூன்று

கடலியல் படிக்கச் சேர்ந்ததும் இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று மூன்று நோட்டுப் போட்டுவிடுவோம். கரைந்த ஆக்சிஜனை அளக்கப் பழகினால் மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டிவரும். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கும் இடம் இதற்கு வாகானது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் அங்கேதான் இருக்கிறது.

படகில் ஏறியதும் நேரம், ஓதம் ஏற்றமா வற்றமா, தண்ணீரின் வெப்பம், உப்பளவு நான்கையும் முதலில் எழுதுங்கள். உப்பளவு காட்டும் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டரை வாலைவடிநீரில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே நம்பலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே ஆற்று நீரும் அடியில் உப்பு நீரும் தனித்தனியாக நிற்கும். அப்போது மேல்மட்டத்தில் மட்டும் எடுத்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

125 மி.லி. பிஓடி பாட்டிலின் (காற்றுப் புகாமல் மூடும் கண்ணாடி மூடி உள்ளது) அடிவரை ரப்பர் குழாயை விட்டு மெதுவாக நிரப்புங்கள். பாட்டில் கொள்ளளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு வழிந்தோடட்டும். வாளியிலிருந்து சளசளவென்று ஊற்றினால் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து அளந்தவர் ஆவீர்கள். பிப்பெட் நுனி நீருக்குள் இருக்கும்படி மாங்கனஸ் சல்பேட் 1 மி.லி., அடுத்து கார அயோடைடு 1 மி.லி. விட்டு, குமிழி சிக்காமல் மூடிக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குங்கள். பழுப்பு வீழ்படிவு இறங்க வேண்டும். வெள்ளையாகவே நின்றால் ஆக்சிஜன் இல்லை என்று அர்த்தம். இதைப் படகிலேயே முடித்துவிடுங்கள். ஆய்வகம் போகும்வரை தள்ளிப்போட்டால் பாட்டிலுக்குள்ளிருக்கும் பாக்டீரியா சும்மா இருக்காது.

வீழ்படிவு பாதிக்குக் கீழே படிந்ததும் அடர் கந்தக அமிலம் 1 மி.லி. சேர்த்துக் கரையுங்கள். தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் அளவுக்கேற்ப அயோடின் வெளிவரும். அதில் 50 மி.லி. எடுத்து 0.01 நார்மல் தயோசல்பேட்டால் டைட்ரேட் செய்யுங்கள், அதாவது அயோடின் நிறம் மறைய எவ்வளவு செலவாகிறது என்று பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு அளவெடுங்கள். வெளிர் வைக்கோல் நிறம் வந்த பிறகே ஸ்டார்ச் சேர்க்க வேண்டும். முன்பே விட்டால் அயோடின் ஸ்டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எளிதில் விடாது, முடிவுப்புள்ளி தாண்டிப்போகும். நீலம் முதல் தடவை மறைவதுதான் முடிவு. சற்று நேரத்தில் நீலம் திரும்பி வந்தால் கண்டுகொள்ளாதீர்கள். தயோ நாள்பட நாள்படச் சிதையும், அதனால் அன்றன்றே அதன் வலிமையைச் சரிபார்க்க வேண்டும்.

பியூரெட்டில் 4.0 மி.லி. செலவானதாக வைத்துக்கொள்வோம். 50 மி.லி.க்கும் 0.01 நார்மல் தயோவுக்கும் உரிய எண்ணான 1.6 ஆல் பெருக்கினால் ஆக்சிஜன் லிட்டருக்கு 6.4 மி.கி. வினைப்பொருள்கள் வெளியே தள்ளிய 2 மி.லி.க்காக 125/123 ஆல் பெருக்குங்கள், 6.5 வரும். பலரும் இந்த எண்ணை எழுதிவிட்டு நோட்டை மூடிவிடுகிறார்கள். நிஜமான வேலை இனிமேல்தான்.

30 டிகிரி, உப்பளவு 35 (கிலோவுக்கு 35 கிராம்) என்றால் கடல்நீர் தாங்கும் ஆக்சிஜன், அதாவது தெவிட்டல் அளவு, ஏறக்குறைய 6.2. சித்திரை நண்பகலில் முகத்துவாரத்தில் 6.5 கிடைத்தால் தெவிட்டலுக்கும் மேலே. மிதவைத் தாவரங்கள் ஒளிச்சேர்க்கையில் மும்முரமாக இருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். அதே 6.5 மார்கழி வெள்ளத்தில், 26 டிகிரி நன்னீரில் கிடைத்தால்? அந்தத் தண்ணீர் 8.1 வரை தாங்கும். 80 சதவீதம்தான் இருக்கிறது. ஆறு அடித்துவந்த கழிவு அழுகுவதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எதுவென்று தீர்மானிக்க, அதே இடத்தில் இன்னொரு பாட்டில் எடுத்து லுகோல் கரைசலை (உயிரிகளைக் கெடாமல் வைக்கும் அயோடின் கரைசல்) இளந்தேநீர் நிறம் வரும்வரை விட்டு, மிதவைத் தாவரங்களை நுண்ணோக்கியில் எண்ணுங்கள். பொழுது விடியுமுன் ஒரு தடவையும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தடவையும் ஆக்சிஜனை அளந்தால் இன்னும் தெளிவாகும். உயிர்களின் வேலை என்றால் இரண்டு எண்ணும் நன்றாகவே விலகி நிற்கும். ஆனால் இரண்டு வேளையும் உப்பளவு ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓதம் வேறு தண்ணீரைக் கொண்டுவந்திருந்தால் ஒப்பீடே செல்லாது.