புகை கிளம்பும் இடத்தைப் பிடியுங்கள்: பெருநகரக் காற்றைச் சுத்தமாக்க ஒரு வழிகாட்டி

பெருநகரத்துக் காற்று ஏன் இப்படிக் கெட்டுக் கிடக்கிறது என்று பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். கார் வைத்திருப்பவர் லாரியைக் காட்டுவார், லாரிக்காரர் தொழிற்சாலையைக் காட்டுவார், தொழிற்சாலைக்காரர் குப்பை எரிப்பவரைக் காட்டுவார். எல்லாரும் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் எல்லாராலும் சும்மா இருக்க முடிகிறது. இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: எது எரிகிறது, எங்கே எரிகிறது, எத்தனை மணிக்கு எரிகிறது என்று முதலில் கண்டுபிடிப்பது. மரம் நடுவது, கூட்டம் போடுவது எல்லாம் அதற்கு அப்புறம்.

சரி, அளப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். பிஎம் 2.5 என்கிறார்களே, அது 2.5 மைக்ரானோ அதற்கும் குறைவோ விட்டமுள்ள துகள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடியின் தடிமனில் இருபது முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும், அதனால் மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் இதற்கான ஆண்டுச் சராசரி வரம்பை 2021-ல் ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது.

இதை அளக்கக் கையடக்கக் கருவிகள் விற்கிறார்கள். உள்ளே ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கும், துகள்மீது லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை வைத்துக் கருவி கணக்குப் போடும். இதில் ஒரு வம்பு உண்டு. காற்றில் ஈரம் கூடினால் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும், கருவியும் ஏமாந்துபோய் எண்ணைக் கூட்டிக் காட்டும். பனிமூட்டக் காலையில் பெரிய எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். நமக்கு வேண்டியது எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதுதான்.

நான் ஒரு வாரம் கருவியை ஜன்னலோரம் வைத்து நோட்டில் எழுதினேன். எங்கள் தெருவில் வண்டி நெரிசல் தொடங்குவது எட்டரைக்கு, ஆனால் எண் தினமும் ஐந்தரைக்கே ஏறியது. நான்காம் நாள் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தால், சுற்றுச்சுவருக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்குச் சருகுக் குவியல். மேலே தீயே தெரியவில்லை, ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை சுருண்டு உருகிக்கொண்டிருந்தது, சாம்பல் நிறப் புகை மட்டும் தரையோடு தரையாக ஊர்ந்து எங்கள் கட்டடத்துப் பக்கம் வந்தது. பெருக்குகிறவரிடம் கேட்டேன். "வண்டி வாரத்துக்கு ஒரு தடவைதான் வருதுங்க, அதுவரைக்கும் இதை நான் எங்கே வைக்கிறது?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான்.

அதிகாலையில் எரிப்பது ஏன் இவ்வளவு மோசம் என்றால், குளிர்ந்த இரவில் தரையை ஒட்டிய காற்று மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும், மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும், அதற்குக் கீழே விட்ட புகை வெயில் ஏறும்வரை எங்கேயும் போகாது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் ஆயிரக்கணக்கானோரைப் பலி வாங்கியது இதே மூடிதான், கீழே எரிந்தது நிலக்கரி. நான்கு ஆண்டுகள் கழித்து, 1956-ல், அங்கே தூய காற்றுச் சட்டம் வந்தது. அது ஆலைப் புகையோடு விடாமல் வீட்டுக் கணப்பு அடுப்புகளிலும் கை வைத்தது.

ஆகவே முதல் வேலை சருகும் குப்பையும். எரிப்பவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, எரிக்க வேண்டிய அவசியத்தை எடுத்துவிட வேண்டும். கம்பி வலையை இடுப்பு உயரத்துக்கு வட்டமாகச் சுருட்டிக் கட்டி அதில் சருகைக் கொட்டுங்கள், ஒவ்வோர் அடுக்குக்கும் தண்ணீர் தெளியுங்கள், நடுநடுவே காய்கறித் தோல், வெட்டிய புல் மாதிரி பச்சைக் கழிவைக் கலந்து விடுங்கள், பத்து நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். சில மாதத்தில் மண் வாசனையோடு கறுப்பாக உதிரும். காய்ந்துபோனால் மட்காது, சொதசொதவென்று இருந்தால் நாறும். கையில் பிடித்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வருகிற பதம் சரியானது. பிளாஸ்டிக்கை இதில் சேர்க்கவே கூடாது, அதற்குக் குப்பை வண்டி ஒழுங்காக வந்தாக வேண்டும். பிவிசி என்ற பிளாஸ்டிக் எரிந்தால் டயாக்சின் என்ற நச்சு வரும், அது உடம்பில் பல ஆண்டுகள் தங்கும்.

அடுத்தது கட்டுமானத் தூசி. எல்லாரும் கட்டடத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் பச்சை வலையைத்தான் பார்ப்பார்கள், நீங்கள் வாசலைப் பாருங்கள். மண் ஏற்றிய லாரி வெளியே வரும்போது சக்கரத்தில் அப்பிய சேறு சாலையில் இரண்டு கோடாக விழும், மதியத்துக்குள் காயும், அதன்மேல் ஏறி இறங்கும் ஒவ்வொரு வண்டியும் அதை இன்னும் பொடியாக அரைத்துக் கிளப்பும். வாசலில் சக்கரம் கழுவ ஒரு தொட்டி, லாரிமேல் தார்ப்பாய், கல் அறுக்கும்போது தண்ணீர் ஊற்றி அறுப்பது, இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். சாலையோரத்து மண்ணைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்குவது தூசியை இடம் மாற்றும் வேலை. உறிஞ்சும் வண்டியோ, ஓரத்தில் கல் பதிப்பதோ, புல் வளர்ப்பதோதான் தீர்வு. தூசியில் பெரும்பகுதி பெரிய துகள் என்பதால், நுரையீரலுக்குள் ஆழமாகப் போவதில் புகைதான் முன்னால் நிற்கிறது. தூசி கண்ணுக்குத் தெரிவதால் திட்டு முழுவதையும் அது வாங்கிக்கொள்கிறது.

இனி வண்டிகள். ஓடும் வண்டிகளில் கொஞ்சம் வண்டிகள்தாம் புகையின் பெரும்பங்கைக் கக்குகின்றன, பராமரிப்பில்லாத பழைய டீசல் வண்டிகள் முக்கியமாக. அவற்றைச் சாலையிலேயே பிடித்துச் சோதிப்பது, வடிகட்டி இல்லாத பெரிய வண்டிகளைக் கழித்துக் கட்டுவது, நாள் முழுக்க ஊருக்குள் சுற்றும் பேருந்துகளை முதலில் மின்சாரத்துக்கு மாற்றுவது, இந்த வரிசைதான் பலன் தரும். சீனாவின் ஷென்சென் நகரம் 2017-க்குள் தன்னுடைய 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளையும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. மின்வண்டி என்றாலும் டயரும் பிரேக்கும் தேய்ந்து துகள் வரத்தான் செய்யும், ஆகவே வண்டிகளின் எண்ணிக்கையும் குறைந்தாக வேண்டும்.

எப்படிக் குறைப்பது? ஸ்டாக்ஹோமில் நடந்தது எனக்குப் பிடித்த கதை. 2006-ல் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்குச் சோதனையாகக் கட்டணம் போட்டார்கள், போக்குவரத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சோதனை முடிந்து கட்டணத்தை எடுத்ததும் நெரிசல் திரும்பி வந்தது, ஜனங்கள் இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகு வாக்கெடுப்பு நடந்தது, 2007-ல் கட்டணம் நிரந்தரமானது. இதற்கு நேர்மாறாக மெக்சிகோ நகரத்தில் 1989-ல், பதிவெண்ணை வைத்து வாரத்தில் ஒரு நாள் வண்டி எடுக்கக் கூடாது என்றார்கள். பலர் வேறு எண்ணில் இன்னொரு வண்டியை, அதுவும் பழைய வண்டியை, வாங்கிவிட்டார்கள். யாராவது ஒற்றைப்படை இரட்டைப்படை என்று யோசனை சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

நம் பங்குக்கு, பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது இன்ஜினை அணைத்துவிடலாம். அரை நிமிடத்துக்கு மேல் நிற்கப் போகிறோம் என்றால் அணைப்பதுதான் எரிபொருளுக்கும் லாபம், வரிசையாக நிற்கும் இருபது வண்டிகளின் புகை நேராகக் குழந்தைகளின் முக உயரத்துக்குத்தான் போகிறது.

இவ்வளவும் செய்தாலும் எண் ஓரளவுக்கு மேல் இறங்காது, ஏனென்றால் காற்றுக்கு நகர எல்லை தெரியாது. அனல்மின் நிலையத்தின் கந்தக டை ஆக்சைடு, வண்டிகளின் நைட்ரஜன் ஆக்சைடு, வயலிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் வரும் அம்மோனியா, இவை வானத்திலேயே கலந்து புதிதாக நுண்துகள் உண்டாகிறது. யார் புகைபோக்கியிலும் அந்தத் துகளைப் பார்க்க முடியாது. வெயிலில் நடக்கும் இன்னொரு வேதிவினையில் மூச்சைப் பாதிக்கும் ஓசோன் வாயு வரும், லாஸ் ஏஞ்சலஸில் 1950-களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது அது. 1977-ல் அங்கே நான்கு மாவட்டங்களின் காற்றுக் கட்டுப்பாட்டை ஒரே அமைப்பின்கீழ் கொண்டுவந்தார்கள். பெய்ஜிங்கின் பிஎம் 2.5 ஆண்டுச் சராசரி 2013-ல் 90-க்குப் பக்கத்தில் இருந்து 2020-ல் 38-க்கு வந்ததும், சுற்றியுள்ள மாகாணங்களின் நிலக்கரிக் கொதிகலன்களையும் சேர்த்து மாற்றியதால்தான். அதிலும் ஒரு சறுக்கல்: 2017 குளிர்காலத்தில், எரிவாயு வந்து சேரும் முன்பே சில கிராமங்களில் கரி அடுப்பைப் பிடுங்கிவிட்டார்கள், ஜனங்கள் குளிரில் நடுங்கினார்கள். மாற்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பழையதை எடுக்க வேண்டும்.

திறந்தவெளியில் காற்றைச் சுத்தம் செய்யும் கோபுரங்களைப் பற்றி ஒரே வரி: சுவரே இல்லாத இடத்தில் வடிகட்டிய காற்று கொஞ்ச தூரத்திலேயே மறுபடி அழுக்குக் காற்றோடு கலந்துவிடும், அந்தப் பணத்தில் பேருந்து வாங்கலாம். மரமும் எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவே அடர்ந்த வேலிச்செடி உதவும், உயரமான கட்டடங்களுக்கு இடையே குறுகிய தெருவில் குடை மாதிரி மூடும் மரங்கள் புகையை உள்ளேயே தங்க வைத்துவிடும்.

புகார் எழுதுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "எங்கள் பகுதியில் மாசு அதிகம், நடவடிக்கை தேவை" என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். "மூன்றாம் குறுக்குத் தெரு, பூங்காவின் பின்சுவர், திங்கள் முதல் வெள்ளி வரை காலை 5.30-க்குக் குப்பை எரிகிறது, ஐந்து நாள் படம் இணைப்பு, வாரம் மூன்று முறை வண்டி அனுப்பவும்" என்று எழுதுங்கள். இடம், நேரம், ஆதாரம், ஒரே ஒரு கோரிக்கை. அதே வாசகத்தைப் பத்து வீட்டுக்காரர்கள் தனித்தனியாக அனுப்பினால் இன்னும் நல்லது.

இதெல்லாம் நடக்கும்வரை மூச்சு விட வேண்டுமே. கொசுவத்திச் சுருளை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு வலை அடியுங்கள், மூடிய அறையில் அந்தச் சுருள் ஒன்றே கருவியை அலற வைக்கும். மோசமான நாளில் பெரிய சாலையை விட்டு ஒரு தெரு உள்ளே தள்ளி நடங்கள். என்95 முகக்கவசம் போடுவதானால் மூக்கோரம் இடைவெளி இல்லாமல் அழுத்துங்கள், துணிக் கவசத்தால் நுண்துகளுக்குப் பெரிய தடை இல்லை.

எங்கள் பின்சுவரில் இப்போது கம்பிவலைத் தொட்டி மூன்று நிற்கிறது, ஐந்தரை மணி ஏற்றம் நின்றுவிட்டது. நீங்கள் ஒப்பிடும்போது ஒன்று கவனியுங்கள்: மழை பெய்தாலோ காற்று பலமாக அடித்தாலோ எண் தானாக இறங்கும், அதை உங்கள் வெற்றிக் கணக்கில் எழுதிக்கொள்ளாமல் அடுத்த வருடம் இதே மாதம், இதே ஜன்னலோரம், இதே மணிக்கு எடுத்த எண்ணோடு பாருங்கள்.