சிறுதொழில் செய்பவர் செலவுக் கழிவுகளை இழக்காமல் இருப்பது எப்படி?

சிறுதொழில் நடத்துபவர் வருமான வரியை மிச்சப்படுத்த விரும்பினால், மார்ச் மாதத்தில் காப்பீட்டுப் பாலிசி தேடி அலைவதைக் காட்டிலும், ஆண்டு முழுவதும் தம் செலவுகளை எவ்வாறு செலுத்துகிறார் என்பதைக் கவனிப்பதே பயன் தரும். கழிவு என்பது வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து குறைத்துக்கொள்ளும் தொகை. புதிய வரி முறையில், காப்பீடு போன்ற சேமிப்புகளுக்கான 80சி பிரிவுக் கழிவுகள் கிடையா. வாடகை, கூலி, மின்கட்டணம், கடன் வட்டி, தேய்மானம் (பயன்பாட்டில் இயந்திரம் போன்றவற்றின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவது) ஆகிய தொழில் செலவுகளை அம்முறையிலும் கழிக்கலாம். இங்குள்ள அளவுகளும் விதிகளும் 2025-26 நிதியாண்டுக்குரியவை.

விற்றுமுதல் 2 கோடி ரூபாய்க்குள் இருந்தால், வங்கி வழி வரவில் 6 சதவீதத்தையும் ரொக்க வரவில் 8 சதவீதத்தையும் லாபமாகக் காட்டும் உத்தேச வருமான முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அதை ஏற்றபின் வேறெந்தத் தொழில் செலவையும் தனியே கழிக்க இயலாது. லாபம் அதைவிடக் குறைவாக நிற்கும் மொத்த வியாபாரத்தில் முறையாகக் கணக்கெழுதுவதே மேல். ஒருமுறை இதில் சேர்ந்து ஐந்தாண்டுக்குள் விலகினால், அடுத்த ஐந்தாண்டுகளுக்குத் திரும்பிவர முடியாது என்பதால், சேரும் முன்பே ஆடிட்டரிடம் கலந்து பேசுங்கள்.

கணக்கெழுதுவோர் பெரும்பாலும் ரொக்கத்தில்தான் கழிவை இழக்கிறார்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், ரசீது இருந்தாலும் அந்தச் செலவு முழுவதும் ஏற்கப்படாது. பில்லைப் பிரித்துப் போடுவதும் உதவாது, ஏனெனில் அன்றைய தொகைகள் கூட்டியே பார்க்கப்படும். சரக்கு லாரி வாடகைக்கு மட்டும் இவ்வரம்பு 35,000 ரூபாய். இயந்திரத்தை ரொக்கத்தில் வாங்கினாலும் இதே கதிதான்: அத்தொகைக்குத் தேய்மானம் கிடைக்காது. கணினிக்கு 40, இயந்திரத்துக்கு 15, மரச்சாமான்களுக்கு 10 சதவீதம் எனத் தேய்மானம் உண்டு. வாங்கிய ஆண்டில் 180 நாள்களுக்குக் குறைவாகப் பயன்பட்டால் பாதிதான் என்பதால், வாங்க வேண்டிய இயந்திரத்தை அக்டோபர் தொடக்கத்துக்குள் ஓட்டத் தொடங்குவது நல்லது.

தொழிலாளரின் சம்பளத்தில் பிடித்த பி.எப். (வருங்கால வைப்பு நிதி) தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டத் தவறினால், அக்கழிவு நிரந்தரமாகப் போய்விடும். 2022இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. உத்யம் என்னும் அரசுப் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்குத் தரவேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்தபடி, அதிகம் போனால் 45 நாளிலும், இல்லையேல் 15 நாளிலும் கொடுத்துவிடுங்கள். தவறினால் பணம் கொடுத்த ஆண்டில்தான் அதைக் கழிக்க முடியும்.

புதிய முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை உள்ள தனிநபருக்கு வரித் தள்ளுபடியால் பொதுவாக வரி வராது. பங்குதாரர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனத்துக்கோ முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி. ஆகவே உழைக்கும் பங்குதாரருக்குச் சம்பளம் கொடுப்பதே அங்கு மிகப் பெரிய கழிவு. கணக்கு லாபத்தில் (இச்சம்பளத்தைக் கழிக்கும் முன் உள்ள லாபத்தில்) முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதம் அல்லது 3 லட்சம், இவற்றில் எது அதிகமோ அது, எஞ்சியதற்கு 60 சதவீதம் எனச் சட்டம் அனுமதிக்கிறது. 10 லட்சம் லாபமெனில் 7.80 லட்சம் வரை சம்பளமாகக் கழித்து, மீதி 2.20 லட்சத்துக்கு மட்டும் நிறுவனம் வரி கட்டினால் போதும். இரு பங்குதாரர் அதைச் சமமாகப் பெற்று, வேறு வருமானமும் இல்லையெனில், அவர்களுக்கும் வரி வராது. ஆண்டில் ஒரு பங்குதாரருக்கு 20,000 ரூபாய்க்கு மேல் தரும்போது 10 சதவீத டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும். சம்பள விவரம் கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பின்னர் திருத்தி எழுதினால் அதற்கு முந்தைய காலத்துக்கு அது செல்லாது, எனவே பத்திரத்தை ஏப்ரலுக்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள்.