பழைய துப்பாக்கியின் வயது குழாயின் அடியில்

பழைய ஐரோப்பியத் துப்பாக்கி கையில் கிடைத்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது மேலே செதுக்கிய பெயரைத்தான். பெயரை யார் வேண்டுமானாலும் பொறித்துவிடலாம். குழாயின் அடியில் உள்ள சோதனை முத்திரையை, அதாவது குழாய் வெடியைத் தாங்குகிறதா என்று சோதித்துப் பார்த்து அடிக்கும் முத்திரையை நம்புங்கள்.

முதலில் உள்ளே தோட்டாவோ மருந்தோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாய்வழி கெட்டிக்கும் பழைய ரகங்களில் மருந்து அப்படியே கிடப்பதுண்டு. அப்புறம் குழாயைக் கழற்றி, டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள்.

இந்த முத்திரையை அடிக்கும் இங்கிலாந்தின் பர்மிங்காம் சோதனைச் சாலை 1813இல் வந்தது. கிரீடத்தின் கீழ் குறுக்கே இரண்டு செங்கோல், இடையில் பி, பி, சி (B, P, C) எழுத்துகள் என்றால் 1904க்கு முந்தையது. கூடவே 'நாட் ஃபார் பால்' என்று இருந்தால் இன்னும் நல்லது: அது 1875 முதல் 1887 வரை மட்டுமே அடித்த முத்திரை. வாய்ப்பக்கம் குறுகிய குழாயில் ஒற்றைக் குண்டு போடாதே என்ற எச்சரிக்கை அது. நூறாண்டு கடந்த இரும்பு பன்னிரண்டு வருடத்துக்குள் அடங்கிவிடுகிறது!

பெல்ஜியத்தின் லியேஜ் முத்திரை முட்டை வடிவக் கட்டத்துக்குள் ஈ, எல், ஜி. மேலே கிரீடம் இருந்தால் 1893 அல்லது அதற்குப் பின்.

ஒரே குழாயில் இரண்டு காலத்து முத்திரைகள் இருந்தால் குழம்ப வேண்டாம், பிற்பாடு மறுசோதனை நடந்திருக்கும். பழையதையே கணக்கில் எடுங்கள். முத்திரை மங்கலாக இருக்கிறதென்று உப்புத்தாளால் மட்டும் தேய்த்துவிடாதீர்கள். ஒரு சொட்டு எண்ணெய், பருத்தித் துணி போதும்.