பொருளைப் பார்த்து ஹீட்டரைத் தேர்ந்தெடுக்கும் முறை

தொழிற்சாலைக்கு ஹீட்டர் வாங்குபவர்கள் பெரும்பாலும் எத்தனை கிலோவாட் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, சூடாக வேண்டிய பொருள் வெப்பத்தை எவ்வளவு விரைவாக வாங்கிக்கொள்ளும் என்பதாகும். ஹீட்டர் மேற்பரப்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலிருந்தும் எத்தனை வாட் வெளியாகிறதோ, அதுவே வாட் அடர்த்தி. சுத்தமான தண்ணீர் 8 அல்லது 9 வாட் வரை தாங்கும். கனமான எரிஎண்ணெய்க்கு 1 முதல் 1.5 வாட் வரைதான் கொடுக்கலாம். தண்ணீருக்கென்று செய்த ஹீட்டரை எண்ணெய்த் தொட்டியில் பொருத்தினால், குழாயை ஒட்டியிருக்கும் எண்ணெய் கருகிக் கரியாகப் படியும். அந்தக் கரி வெப்பத்தை வெளியே விடாததால் உள்ளிருக்கும் கம்பி மேலும் மேலும் சூடேறி அறுந்துவிடும். அப்படிப் போன ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தால், உளி வைத்துச் சுரண்ட வேண்டிய அளவுக்குக் கறுத்த ஓடு குழாயைச் சுற்றி இறுகியிருக்கும்.

திரவங்களுக்கு, உள்ளே மூழ்கியபடி சூடாக்கும் இம்மர்ஷன் ஹீட்டரே ஏற்றது. சிறிய தொட்டிக்கு மரையிட்டுப் பொருத்தும் வகையும், பெரிய கலனுக்குத் தகடு வைத்துப் போல்ட்டால் இறுக்கும் ஃபிளேஞ்ச் வகையும், துளையிட முடியாத தொட்டிக்கு விளிம்பில் தொங்கவிடும் வகையும் பொருந்தும். அடியில் வண்டல் சேரும் தொட்டியாக இருந்தால், ஹீட்டர் அந்த வண்டலுக்கு மேலேயே இருக்க வேண்டும். சூடாகும் பகுதி எப்போதும் திரவத்தில் மூழ்கியிருக்க வேண்டும் என்பதால், மட்டம் இறங்கினால் மின்சாரத்தை நிறுத்தும் லெவல் சுவிட்சைத் தவிர்க்கவே கூடாது.

பொருளுக்கு வடிவம் கொடுக்கும் டை, அச்சுத் தகடு போன்ற உலோகத் துண்டுகளில் துளையிட்டு உள்ளே செருகும் உருளை வடிவ ஹீட்டர்தான் கார்ட்ரிட்ஜ் ஹீட்டர். இங்கே துளையின் அளவுதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஹீட்டருக்கும் துளைச் சுவருக்கும் இடையிலான காற்று இடைவெளி வெப்பத்தைத் தடுப்பதால், வாட் அடர்த்தி அதிகமானால் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குக்குள் அடங்க வேண்டும். ஆகவே துளையைத் துல்லிய அளவுக்குச் சீராக்கும் ரீமர் கருவியைப் போட்டு முடிப்பது நல்லது. துளையை மறுபக்கம் வரை குடைந்துவிட்டால், பழுதாகி இறுகிய ஹீட்டரைப் பின்னாலிருந்து தட்டி எடுத்துவிடலாம்.

பிளாஸ்டிக் எந்திரங்களில் பிளாஸ்டிக்கை உருக்கும் உருளையான பேரலுக்கு, அதைச் சுற்றிப் பட்டையாக இறுக்கும் பேண்ட் ஹீட்டர் பயன்படுகிறது. மைக்கா வகையைவிடச் செராமிக் வகை அதிக வெப்பத்தைத் தாங்கும். முதல் முறை சூடேறியதும் பேண்ட் விரிந்து தளரும். அதனால் மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். பலர் மறந்துவிடும் வேலை இது. காற்றைச் சூடாக்க இதழ்கள் பொருத்திய குழாய் ஹீட்டரும், பெயின்ட் உலர்த்துதல் போன்ற மேற்பரப்பு வேலைகளுக்கு அகச்சிவப்பு ஹீட்டரும் உண்டு. காற்று ஹீட்டரில் விசிறி ஓடாமல் மின்சாரம் பாயாதபடி இணைப்பு கொடுக்க வேண்டும்.

இனி கிலோவாட் கணக்கைப் பார்க்கலாம். 500 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியஸுக்கு 2 மணி நேரத்தில் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 500 கிலோ எடை, தண்ணீரின் தன்வெப்பமான 4.186, 50 டிகிரி உயர்வு ஆகிய மூன்றையும் பெருக்கினால் 1,04,650 கிலோஜூல். அதை 3,600-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 29 யூனிட், அதாவது கிலோவாட்-மணி. இரண்டு மணி நேரத்துக்கு 14.5 கிலோவாட் ஆகிறது. தொட்டியின் சுவர் வழியாகவும் நீர்ப்பரப்பு வழியாகவும் போகும் இழப்புக்கு 20 சதவீதம் சேர்த்தால், 6 கிலோவாட் குழாய்கள் மூன்றாக 18 கிலோவாட் எடுப்பது பொருத்தம். திறந்த தொட்டியில் ஆவியாகும் இழப்பு அதிகம் என்பதால், ஒரு மூடி போட்டாலே கணிசமாக மிச்சமாகும்.

குழாய்க்குள் நைக்ரோம் கம்பியைச் சுற்றி இறுக்கியிருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. பல நாள் கிடப்பில் இருந்த ஹீட்டரை, மின்கசிவைத் தடுக்கும் இன்சுலேஷனை அளக்கும் மெகர் கருவியை வைத்துச் சோதித்த பிறகே இணைக்க வேண்டும். இன்சுலேஷன் அளவு குறைவாக இருந்தால், உலர்த்தும் ஓவனில் 120 டிகிரி அளவில் சில மணி நேரம் உலர்த்தி மறுபடி சோதிக்கலாம்.

வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக்கு, வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் சென்சாரும், அந்த அளவைப் பார்த்து மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் பி.ஐ.டி. கன்ட்ரோலரும் வைத்தாலே போதும் என்று நினைக்க வேண்டாம். கன்ட்ரோலர் சொல்படி மின்சாரத்தை விட்டு நிறுத்தும் மின்னணு சுவிட்சான சாலிட் ஸ்டேட் ரிலே, பழுதாகும்போது பெரும்பாலும் மின்சாரத்தை விடும் நிலையிலேயே நின்றுவிடும். கன்ட்ரோலர் நிறுத்தச் சொன்னாலும் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கும். தனி சென்சாருடன், ஹீட்டருக்கான மின்சாரத்தை வெட்டும் தனி கான்டாக்டர் சுவிட்சைத் துண்டிக்கும் உச்சவரம்புத் தெர்மோஸ்டாட் ஒன்றை அதற்காகவே பொருத்தி, அது உண்மையிலேயே துண்டிக்கிறதா என்று எந்திரத்தை ஒப்படைக்கும் முன் ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டும்.