முதல் பாட்டை வெளியிடும் முன்

பாட்டு முடிந்த அன்றே யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு மூன்றுக்கும் உரிமை தனித்தனி. வாய்ப்பேச்சில் விட்டால் பாட்டு ஓடத் தொடங்கியதும் சண்டை வரும். நல்ல கூட்டணிகள் இப்படி உடைவது வேதனை.

குரல் பதிவில் மைக்கின் விலையைவிட அறைதான் முக்கியம். மைக் உங்களைப் பார்த்திருப்பதால் உங்கள் முதுகுப்பக்கச் சுவரின் எதிரொலிதான் அதிகம் பதிவாகும். அங்கே கனமான போர்வைகளைத் தொங்கவிட்டு, மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று பாடுங்கள். பதிவு மென்பொருள் காட்டும் ஒலி அளவின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். உடைந்த ஒலியையும் எதிரொலியையும் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

வெளியீட்டுத் தேதியை 4 வாரம் தள்ளி வையுங்கள். பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோக நிறுவனத்துக்கு, சுருக்கப்படாத வேவ் (WAV) ஒலிக் கோப்பும் 3000க்கு 3000 பிக்சல் அட்டைப்படமும் அனுப்புங்கள். ஸ்பாட்டிஃபையின் பாடல் பட்டியல்களைத் தொகுக்கும் ஆசிரியர் குழுவுக்கு 7 நாளாவது முன்னதாகப் பாட்டை அனுப்புங்கள். வெளியான பின் அந்த வழி கிடையாது. பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றாதீர்கள், மாற்றினால் இரண்டு கலைஞர் பக்கங்கள் முளைக்கும்.

விநியோக நிறுவனம் தருவது ஒலிப்பதிவுக்கான பணம் மட்டுமே. இந்தியாவில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் பங்குக்கு அந்த உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் (IPRS) சங்கத்தில் உறுப்பினராகி ஒவ்வொரு பாட்டையும் பதியுங்கள்.