கம்பளிப்பூச்சி மேலே பட்டால் தேய்க்காதீர்கள்

ஐப்பசி மழை நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்துவிட்டால் போதும், மூலனூர், வெள்ளகோவில் பக்கத்தில் முருங்கை மரத்தின் அடித்தண்டெல்லாம் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும். பகலில் கூட்டமாகப் பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடப்பதால், சாய்ந்து நின்ற பிறகுதான் பலருக்கும் தெரியவரும். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கை தடித்து, கழுத்து சிவந்து ஓடி வருகிறவர்களை அந்த மாதங்களில் நிறையவே பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் வரும்போதே பட்ட இடத்தைப் பரபரவென்று தேய்த்துவிட்டு வருவார்கள்.

அதை மட்டும் செய்யாதீர்கள். இந்தப் பூச்சி பல்லால் கடிப்பதில்லை. அதன் முடி நம் தோலில் குத்தி, ஒடிந்து, அங்கேயே நின்றுவிடுகிறது. பூச்சியைத் தட்டிவிட்ட பிறகும் அரிப்பு ஏறிக்கொண்டே போவது அதனால்தான். தேய்த்தால் மேலாக நிற்கிற முடியும் உள்ளே இறங்கும். விரலில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்கும் போகும். வெற்றிலையைக் கசக்கித் தேய்ப்பதும் விபூதி போட்டுத் தேய்ப்பதும் நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கிற பழக்கம். பெரியவர்கள் அக்கறையோடுதான் செய்கிறார்கள், ஆனால் அந்தத் தேய்ப்பிலேயே கெடுதல் இருக்கிறது.

பூச்சி இன்னும் மேலேயே ஊர்ந்துகொண்டிருந்தால் கையால் தட்டவோ நசுக்கவோ வேண்டாம். ஒரு குச்சியை அடியில் கொடுத்துத் தூக்கி எறியுங்கள். அடுத்து வேண்டியது தண்ணீரும் இல்லை, எண்ணெயும் இல்லை. பிள்ளைகள் நோட்டுக்கு ஒட்டுகிற செலோ டேப். தோல் காய்ந்திருக்கும்போதே பட்ட இடத்தில் டேப்பை மெதுவாக ஒட்டி, நேராக உரித்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு வேண்டும். ஒருமுறை எடுத்ததையே திரும்ப ஒட்டினால் எடுத்த முடி மறுபடியும் தோலுக்கே போகும். ஐந்தாறு துண்டு ஆனாலும் பரவாயில்லை. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டால் டேப் பிடிக்காது, அதனால்தான் எண்ணெயை முதலில் தொடாதீர்கள் என்கிறேன்.

டேப் வேலை முடிந்ததும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். கையில் பட்டிருந்தால் வளையல், மோதிரத்தை உடனே கழற்றிவிட வேண்டும். வீங்கிவிட்டால் அப்புறம் கழற்ற முடியாது. துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வைத்தால் எரிச்சல் அடங்கும். மேலே காலமைன் லோஷன் போடலாம். அரிப்பு தூங்க விடாவிட்டால் பெரியவர்கள் செட்டிரிசின் மாத்திரை ஒன்று போடலாம். அது தூக்கம் வரவைக்கும், போட்டுவிட்டு வண்டி ஓட்டக்கூடாது. குழந்தைகளுக்கு எடைக்குத் தகுந்த அளவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

துணியை யாரும் நினைப்பதே இல்லை. "நர்ஸம்மா, பூச்சியக் கண்லகூடப் பாக்கலீங்க, இடுப்பெல்லாம் தடிப்பாக் கெடக்குதுங்க" என்று சொல்கிற பெண்களிடம், துணி எங்கே காயப்போட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பொடக்காணியில், அதாவது வீட்டுக்குப் பின்புறம், முருங்கை மரத்துக்கும் வேம்புக்கும் நடுவே கொடி கட்டியிருப்பார்கள். பூச்சி மேலே போகும்போது உதிர்கிற முடி துணியில் இறங்கிவிடும். உயிரோடிருக்கும் பூச்சி என்றில்லை, செத்த பூச்சியின் முடியும் உரித்துப்போட்ட தோலும்கூட அரிக்கும். மழைக்காலம் முடிகிற வரை கொடியை வேறிடத்துக்கு மாற்றுங்கள். குழந்தையின் தூளியை அந்த மரத்தில் கட்டவே வேண்டாம். போட்டிருந்த துணியை உதறாமல் கழற்றி, சுடுதண்ணீரில் தனியாக அலசுங்கள்.

தென்னை, மா, ஆமணக்கில் இருக்கும் பச்சைப் புழு வேறு வகை. குட்டையாக, தடித்து, முதுகில் நீலக்கோடும் வரிசையாக முள்ளும் இருக்கும். அந்த முள்ளிலேயே விஷம் இருப்பதால் பட்டவுடன் தீப்பட்டது போல எரியும். அதற்கும் இதே டேப், சோப்பு, ஐஸ்தான்.

கண்ணில் முடி விழுந்தால் கசக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவி, அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முடி கண்ணுக்குள்ளே நகர்ந்து போகக்கூடியது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றி வாந்தி வந்தாலோ டேப்பையும் ஐஸையும் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, மரத்தில் இருப்பதை என்ன செய்வது? பந்தம் கொளுத்திக் காட்டுவது இங்கே பழைய வழக்கம். எனக்கு அது பிடிக்காது. பட்டை வெந்துபோகிறது, முடியும் காற்றில் பறக்கிறது. வீட்டு மரம் என்றால் காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, கூட்டத்தின் மேல் முதலில் தண்ணீர் அடித்து நனையுங்கள். பிறகு நீளக் கம்பில் கட்டிய சீமாறால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிடலாம். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தலையில் துண்டு அவசியம். தோட்டக்காரர்கள் மீன் எண்ணெய் ரோசின் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் கரைத்துத் தெளிக்கலாம். மழை பெய்ததும் விளக்குப்பொறி வைத்தால் தாய் அந்துப்பூச்சி முட்டையிடும் முன்பே சிக்கும். கீரை பறிக்கிற மரத்துக்குக் கடும் விஷ மருந்து வேண்டவே வேண்டாம். செம்போத்தும் சுடலைக்குயிலும் இந்த முடிப்புழுவையும் தின்னும், மருந்தடித்து அவற்றையும் விரட்டிவிடாதீர்கள்.

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் இருக்கும் வழவழப்பான பச்சைப் புழுவை இவற்றோடு சேர்த்துக் கொல்ல வேண்டாம். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒன்றை நீட்டி நாற்றமடிக்கும், அவ்வளவுதான். வண்ணத்துப்பூச்சியாகப் போகிற புழு அது. பிள்ளைகளுக்கு இரண்டையும் பக்கத்தில் கூட்டிப்போய்க் காட்டி, முடியோ முள்ளோ இருப்பதைத் தொடாதே கண்ணு என்று சொல்லிக்கொடுங்கள்.