கல்லூரி வைஃபையில் இணைக்கும்போது கைபேசியின் ஊகத்துக்கு விடக்கூடாதவை

வீட்டு வைஃபையில் கடவுச்சொல்லை மட்டும் தட்டினால் போதும், மற்றதைக் கைபேசியே பார்த்துக்கொள்கிறது. ரவுட்டர் விநாடிக்கு ஏறத்தாழ 10 முறை அனுப்பும் ‘பீக்கன்’ அறிவிப்பிலேயே அதன் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2-ஆ டபிள்யூபிஏ3-ஆ, எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல்லா ஆளுக்கொரு கணக்கா என்ற விவரங்கள் இருப்பதால் கைபேசிக்கு வேலை எளிது. அந்தப் பழக்கத்தோடு எடுரோம் (கல்வி நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் வைஃபை) போன்ற, ஆளுக்கொரு கணக்கைச் சர்வர் சரிபார்க்கும் 802.1எக்ஸ் வலையமைப்புக்குள் நுழையும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அங்கேயும் ஓரளவு தானாகக் கண்டறியலாம். சர்வர் ஓர் ஈஏபி முறையை, அதாவது அடையாளத்தைச் சரிபார்க்கும் வழியை, முன்மொழியும். கைபேசிக்கு அது ஒத்துவராவிட்டால் வேறொன்றைக் கேட்கும். இருவருக்கும் பொதுவான முறை இப்படி அமைந்துவிடும். ஆனால் எதிரே இருப்பது உண்மையிலேயே நம் நிறுவனத்தின் சர்வர்தானா என்பதை எந்த அறிவிப்பாலும் தெரிந்துகொள்ள முடியாது, ஏனென்றால் அதே பெயரில் போலி வைஃபை ஒன்றை வைத்திருப்பவனும் அதே அறிவிப்பைத்தான் செய்வான்.

எனவே மிகப் பெரிய தவறு, சர்வரின் சான்றிதழை எதைக்கொண்டு சரிபார்ப்பது என்று கேட்கும் ‘சிஏ சான்றிதழ்’ என்ற இடத்தில் ‘சரிபார்க்க வேண்டாம்’ என்று விடுவது. ஒரு கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் இதையே வழிமுறையாக ஒட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இணைப்பு உடனே கிடைத்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆண்ட்ராய்டு 11-க்கு 2020 டிசம்பரில் வந்த புதுப்பிப்பு இந்தத் தெரிவைப் பிக்சல் கைபேசிகளிலிருந்து நீக்கியபோது பலர் எரிச்சலடைந்தார்கள். எனக்கு அது தாமதமாக வந்த நல்ல முடிவாகவே பட்டது. கடவுச்சொல்லைச் சரிபார்க்கப் பரவலாக உள்ள எம்எஸ்சாப் வி2 முறையில் சர்வருக்கும் கைபேசிக்கும் இடையே நடக்கும் கேள்வி-பதிலைப் பிடித்துவிட்டால், 56 பிட் சாவி ஒன்றை உடைக்கும் உழைப்பிலேயே உள்நுழையத் தேவையானது கைக்கு வந்துவிடும் என்று 2012-லேயே செய்துகாட்டிவிட்டார்கள். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறையைக் குறிக்கும் ‘இரண்டாம் கட்ட அங்கீகாரம்’ என்ற இடத்தை ‘ஏதுமில்லை’ என்று விட்டால் நிலைமை இன்னும் மோசம்: போலி சர்வர் ஜிடிசி முறையைக் கேட்டால், சில கருவிகள் கடவுச்சொல்லை அப்படியே ஒப்படைத்துவிடும். அதே கடவுச்சொல்தான் பெரும்பாலும் கல்லூரி மின்னஞ்சலுக்கும்.

கைபேசியில் முன்பே உள்ள சான்றிதழ்களைக் குறிக்கும் ‘கணினிச் சான்றிதழ்களைப் பயன்படுத்து’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு டொமைன் கட்டத்தைக் காலியாக விட நினைப்பதும் பாதி வேலைதான். சொந்த டொமைனுக்கு முறையாகச் சான்றிதழ் பெற்ற எவரும் அந்தச் சோதனையில் தேறிவிடுவார் என்பதால், நிறுவனம் தந்த சர்வர் பெயரைக் கட்டாயம் இட வேண்டும்.

ஆண்ட்ராய்டு 13 முதல் சில கைபேசிகளில் முதல் இணைப்பின்போது சான்றிதழைக் காட்டி ஒப்புதல் கேட்கும் வசதி உள்ளது, ஐபோனும் கேட்கும். அதைப் படிக்காமல் ‘நம்பு’ என்று அழுத்துவதும், வளாகத்துக்கு வெளியே, பேருந்து நிலையத்திலோ தேநீர்க் கடையிலோ அழுத்துவதும் ஆபத்து. சில மாதம் கழித்து மீண்டும் கேட்டால் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டிருக்கலாம். ஆனாலும் கணினிப் பிரிவில் கேட்டுவிட்டு அழுத்துங்கள்.

பயனர்பெயரில் ‘@’ குறிக்குப் பிந்தைய பகுதியை விட்டுவிடுவது வேறு வகைத் தவறு. சொந்த வளாகத்தில் அது இல்லாமலும் வேலை செய்யக்கூடும். ஆனால் இந்தியாவில் எர்னெட், இலங்கையில் லேர்ன் ஆகிய கல்வி வலையமைப்புகள் நடத்தும் எடுரோமில், வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால் அந்தப் பகுதியைப் பார்த்துத்தான் கோரிக்கை உங்கள் நிறுவனத்துக்குத் திருப்பப்படுகிறது. மறைக்கப்பட்ட வலையமைப்பைக் கையால் சேர்ப்பவர்கள் பாதுகாப்பு வகையை மாற்ற மறந்துவிட்டு, கடவுச்சொல் கட்டமே வரவில்லை என்பார்கள். கைபேசியின் தேதி தவறாக இருந்தால் சரியான சான்றிதழும் காலாவதியானதாகத் தெரியும்.

நிறுவனம் அமைப்புக் கோப்போ எடுரோமுக்கான செயலியோ தந்திருந்தால், பழைய இணைப்பை ‘மறந்துவிடு’ கொடுத்து நீக்கிவிட்டு அதையே நிறுவுங்கள். சான்றிதழ், சர்வர் பெயர், முறை மூன்றும் அதில் சேர்ந்தே வரும். முன்பு சரிபார்ப்பை அணைத்து இணைத்திருந்தவர்கள் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றிவிட வேண்டும்.